வீட்டைச் சுற்றி ஒரு கைப்பிடிச் சுவர்

வேதபாடம்

வாசிக்க: உபாகமம் 22:1–8, உபாகமம் 19:1–10, யாத்திராகமம் 21:28–36, மத்தேயு 4:5–7
தியான வசனம்: உபாகமம் 22:8



இந்த இதழின் வேதபாடத்துக்கு, நமது ஆராதனைகளில் அதிகமாக வாசிக்கப்படாத ஒரு வசனத்தை எடுத்துக்கொள்ளுகிறோம். புது வீடு கட்டுகிறவன் அதன் மேல்தளத்துக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்பவேண்டும், இல்லாவிட்டால் அங்கிருந்து ஒருவன் விழும்போது அந்த இரத்தப்பழி அவன் வீட்டின்மேல் வரும் என்பதே அந்த வசனத்தின் கருத்து. ஊழியத்தில் முப்பது வருஷத்துக்கு மேலாகியும், இந்த வசனத்தை வைத்து நாங்கள் ஒருமுறைகூட பிரசங்கித்ததில்லை. எங்களை இந்த வசனத்துக்கு அனுப்பிவைத்தவர், எலும்பு முறிவு வார்டில் ஆறு வாரம் மகனோடு தங்கியிருந்த ஒரு தகப்பன்.

ஒரு தகப்பனின் பதில்

அவர் ஒரு கொத்தனார். கிராமச் சபை ஒன்றைச் சேர்ந்தவர். பெயரும் ஊரும் வேண்டாம். மே விடுமுறையில் அவருடைய பதினொரு வயது மகன் மொட்டை மாடியில் காற்றாடி விட்டுக்கொண்டிருந்தான். நூலைப் பார்த்தபடியே பின்னால் நடந்தவன், மாடியின் விளிம்பு வந்ததை அறியாமல் கீழே விழுந்தான். உயிர் தப்பியது. ஆனால் முதுகுத்தண்டில் அடிபட்டிருந்ததால், இடுப்புக்குக் கீழே உணர்ச்சி திரும்பவில்லை.

டாக்டர் நிலைமையை விளக்கிச் சொன்ன அன்று மாலை, நாங்கள் ஜெபிக்கும்படி அவரிடம் போனோம். அநேக ஆண்டுகளாகப் படுக்கையருகே சொல்லிப் பழகிய வார்த்தையையே அன்றும் சொன்னோம். "தம்பி, எல்லாம் தேவ சித்தம். அவர் அறியாமல் ஒன்றும் நடக்காது" என்றோம்.

அவர் எங்களை நிமிர்ந்து பார்த்தார். "சித்தம்னு சொல்லாதீங்க ஐயா. மூணு அடி சுவரு. நான் கட்டாம விட்ட சுவரு" என்றார்.

பிறகு அவரே எல்லாவற்றையும் சொன்னார். மற்றவர்களுக்கு எத்தனையோ சுவர் எழுப்பிய கைதான் அது. தன் வீட்டு மாடிக்கு ஆயிரத்து ஐந்நூறு செங்கலும் ஏழெட்டு மூட்டை சிமெண்டும் போதும் என்று அவருக்கு மனக்கணக்காகவே தெரியும். ஆனால் கையிலிருந்த பணம் வீட்டுப் பிரதிஷ்டைக்கும் உறவினர் சாப்பாட்டுக்கும் போய்விட்டது. சுவரை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார். அடுத்த வருஷம் மூன்று முறை வந்து போயிற்று. பிரதிஷ்டை அன்று போதகர் வந்தார், 127ஆம் சங்கீதம் வாசிக்கப்பட்டது, பாட்டுப் பாடி ஜெபித்தார்கள், பிரியாணி பரிமாறினார்கள். ஒருவரும் மாடிப்படி ஏறிப் பார்க்கவில்லை.

அன்றிரவு எங்கள் அறைக்குத் திரும்பி உபாகமத்தைத் திறந்தோம். அந்தக் கொத்தனார் சொன்னதையே மோசேயும் சொல்லியிருந்தார்.

அந்த நாட்களில் இந்தக் கட்டளை

எந்த வேதவசனத்தையும் நமக்குப் பொருத்துமுன், அதை முதலாவது கேட்டவர்களுக்கு அது என்ன சொன்னது என்று பார்ப்பது நல்லது.

இஸ்ரவேலருடைய வீடுகளுக்குத் தட்டையான கூரை இருந்தது. சுவர்களின்மேல் மர உத்திரங்களைப் போட்டு, அதன்மேல் கிளைகளையும் நாணலையும் பரப்பி, மண் குழைத்துப் பூசி இறுக்குவார்கள். அந்தக் கூரை வீட்டாருக்கு இன்னொரு அறையைப்போலப் பயன்பட்டது. ராகாப் தன் கூரையின்மேல் சணல் தட்டைகளை அடுக்கி வைத்திருந்தாள், அவற்றுக்குள் வேவுகாரரை ஒளித்தாள் (யோசுவா 2:6). சாமுவேல் மேல்வீட்டில் சவுலோடு பேசினார் (1 சாமுவேல் 9:25). நெகேமியாவின் நாட்களில் ஜனங்கள் தங்கள் கூரைகளின்மேல் கூடாரம் போட்டுப் பண்டிகை ஆசரித்தார்கள் (நெகேமியா 8:16). பேதுரு யோப்பாவில் ஜெபிக்கும்படி மேல்வீட்டுக்கு ஏறினார் (அப்போஸ்தலர் 10:9). தானியம் உலர்த்தவும், கோடையில் தூங்கவும், விருந்தாளியோடு பேசவும் உதவிய இடம் அது. நமது மொட்டை மாடியும் ஏறக்குறைய அப்படித்தானே! வற்றல் காயப்போடுகிறோம், துணி உலர்த்துகிறோம், வெக்கை நாளில் பாய் விரிக்கிறோம், பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

விழுவதும் அக்காலத்தில் அபூர்வமாக இருந்திருக்காது. அகசியா ராஜா சமாரியாவிலுள்ள தன் மேல்வீட்டின் கிராதி வழியாய் விழுந்து வியாதிப்பட்டான் (2 இராஜாக்கள் 1:2). துரோவா பட்டணத்தில் ஐத்திகு என்னும் வாலிபன் தூக்கமயக்கத்தில் மூன்றாம் மெத்தையிலிருந்து விழுந்தான் (அப்போஸ்தலர் 20:9). பிரசங்கம் நீண்டுபோனதே அதற்குக் காரணம் என்பதைப் போதகர்களாகிய நாங்கள் மறந்துவிடக்கூடாது!

இந்தக் கட்டளை கொடுக்கப்பட்ட இடத்தையும் கவனியுங்கள். மோவாபின் வெளியில், நாற்பது வருஷம் கூடாரத்தில் வாழ்ந்த ஒரு ஜனத்துக்கு இது சொல்லப்பட்டது. அவர்களில் அநேகருக்குச் சொந்தமாக ஒரு சுவரும் இல்லை. ஆனாலும் இனி கட்டப்போகிற வீட்டின் விளிம்பைப்பற்றி தேவன் அப்பொழுதே பேசுகிறார்.

விழுவதற்கு முன்னே வருகிற அன்பு

இஸ்ரவேலைச் சுற்றிலும் இருந்த தேசங்களிலும் வீடு கட்டுவதைப்பற்றிச் சட்டங்கள் இருந்தன. பாபிலோனை ஆண்ட ஹமுராபி ராஜாவின் சட்டங்கள் பொறிக்கப்பட்ட கருங்கல் தூண் சூசாவில் 1901–1902இல் கண்டெடுக்கப்பட்டு, பாரிஸ் நகரத்து லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் காலம் கி.மு. 18ஆம் நூற்றாண்டு. வீடு இடிந்து வீட்டுக்காரன் செத்தால் கட்டினவன் கொல்லப்படவேண்டும் என்றும், வீட்டுக்காரனுடைய மகன் செத்தால் கட்டினவனுடைய மகன் கொல்லப்படவேண்டும் என்றும் அதிலே எழுதியிருக்கிறது. சாவு வந்தபின் யாரைத் தண்டிப்பது என்பதே அங்கே கேள்வி.

உபாகமம் 22:8 அதற்கு முந்தின கேள்வியைக் கேட்கிறது. இன்னும் ஒருவரும் விழவில்லை. வீடு புதியது, சுண்ணாம்பு வாசனைகூடப் போகவில்லை. அந்த நேரத்திலேயே, விழப்போகிறவனை நினைத்துக்கொள் என்கிறது. இந்த வசனத்திலிருந்து மூன்று காரியங்களைக் கற்றுக்கொள்ளுகிறோம்.

முதலாவது, வீடு நம்முடையதாக இருந்தாலும், அதற்குள் வருகிறவனுடைய உயிரும் நம் பொறுப்பாகிறது. விழுகிறவன் விருந்தாளியாக இருக்கலாம், வேலைக்காரனாக இருக்கலாம், பக்கத்து வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம். வசனம் ஆளைக் குறிப்பிடவில்லை, ஒருவன் என்று மட்டுமே சொல்லுகிறது.

இரண்டாவது, செய்யாமல் விட்டதும் பாவம். இந்த வீட்டுக்காரன் ஒருவரையும் தள்ளிவிடவில்லை. எழுப்பவேண்டிய சுவரை எழுப்பாமலிருந்தான், அவ்வளவுதான். யாத்திராகமம் 21ஆம் அதிகாரமும் இதையே போதிக்கிறது. குழியைத் திறந்து மூடாமல் விட்டவன், அதில் விழுந்த மாட்டுக்கு விலை கொடுக்கவேண்டும். மாடு முட்டும் என்று முன்னமே எச்சரிக்கப்பட்டும் கட்டிவைக்காதவனுடைய குற்றம், அறியாதவனுடைய குற்றத்தைவிடப் பெரியது. தெரிந்தும் விட்டாயா என்பதே அங்கே கேட்கப்படுகிற கேள்வி.

மூன்றாவது, சுவரும் வீட்டின் செலவிலேயே அடங்கும். வசதி வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கு இங்கே இடமில்லை. கட்டும்போதே கட்டு என்பதே கட்டளை. பணம் குறைந்தால் வேறு எதையாவது குறைத்துக்கொள்ளலாம். சுவரைக் குறைக்கக்கூடாது.

பழைய கட்டளையை இன்றைக்கு எப்படிப் பொருத்துவது?

"நாம் நியாயப்பிரமாணத்துக்குக் கீழ்ப்பட்டவர்கள் அல்லவே, ஓட்டு வீட்டிலும் குடிசையிலும் இருக்கிறவர்களுக்கு இந்த வசனம் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்விதான். பரிசுத்த பவுலே இதற்கு வழி காட்டியிருக்கிறார். போரடிக்கிற மாட்டின் வாயைக் கட்டக்கூடாது என்னும் கட்டளையும் இதே உபாகமத்தில்தான், மூன்று அதிகாரம் தள்ளி வருகிறது (25:4). பவுல் அதை எடுத்து, மாட்டுக்கே அப்படியென்றால் உழைக்கிற மனுஷனுக்கு அவனுடைய பலன் கிடைக்கவேண்டாமா என்று கொரிந்து சபையைக் கேட்கிறார் (1 கொரிந்தியர் 9:9, 10). கட்டளைக்குள் இருந்த இருதயத்தைக் கண்டுபிடித்து, அதைத் தன் காலத்து மனுஷனிடம் கொண்டுவந்தார்.

யூத ரபீமாரும் இந்த வசனத்தை அப்படியே கையாண்டார்கள். ஒருபக்கம் சுவரின் உயரத்தைப் பத்துக் கையகலம் என்று வரையறுத்தார்கள். அது ஏறக்குறைய மூன்று அடி, நமது கொத்தனார் சொன்ன அளவுதான்! மறுபக்கம், கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ரபி நாத்தான் என்பவர், கடிக்கிற நாயை வீட்டில் வளர்ப்பதும் ஆட்டம்காணும் ஏணியை வீட்டில் வைத்திருப்பதும் இந்த வசனத்தின்படி தவறு என்று போதித்தார். மாடியைப்பற்றிய வசனம் அவர் கையில் நாய்க்கும் ஏணிக்கும் வந்துவிட்டது.

ஆகவே நாமும் மூன்று கேள்விகளைக் கேட்போம். என் பொறுப்பிலுள்ள இடத்தில் யார் விழக்கூடும்? அது எனக்கு முன்னமே தெரியுமா? அதைத் தடுக்கிற மூன்று அடிச் சுவர் எது?

இன்றைய விளிம்புகள்

உலகமெங்கும் கீழே விழுந்து இறக்கிறவர்கள் ஆண்டுக்கு ஏறக்குறைய 6,84,000 பேர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவர்கள் ஏழை நாடுகளையும் நடுத்தர வருமானமுள்ள நாடுகளையும் சேர்ந்தவர்கள். நமது வார்டுகளுக்கு வருகிறவர்களைப் பார்க்கும்போது இந்தக் கணக்கு எங்களுக்கு ஆச்சரியமாகத் தோன்றவில்லை.

மாடியைப்போலவே வேறு விளிம்புகளும் உண்டு. 2019 அக்டோபரில், தீபாவளி நாட்களில், மணப்பாறைக்கு அருகே நடுக்காட்டுப்பட்டியில் ஆழ்துளைக் கிணற்றுக்குள் விழுந்த இரண்டு வயதுக் குழந்தைக்காகத் தமிழ்நாடு முழுவதும் நான்கு நாள் கண்ணீரோடு ஜெபித்தது உங்களுக்கு நினைவிருக்கும். குழந்தையை உயிரோடு மீட்க முடியவில்லை. அந்தக் குடும்பத்தைக் குற்றப்படுத்த நமக்கு எந்த உரிமையும் இல்லை. ஆனால் ஒன்றை யோசிப்போம். கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறுகளை அடியிலிருந்து நிரப்பவேண்டும், பயன்படுத்துகிறவற்றின் வாயை இரும்பு மூடியால் மூடவேண்டும், தோண்டும்போது வேலி போடவேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2010ஆம் ஆண்டிலேயே கட்டளையிட்டிருந்தது. அதற்கு மூவாயிரம் வருஷத்துக்கு முந்தியே யாத்திராகமம் 21:33 அதைச் சொல்லியிருந்தது. நமது தோட்டத்திலும் சபை நிலத்திலும் தண்ணீர் வராமல் விட்ட போர் குழிகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்திருக்கிறோமா?

இரண்டு சக்கர வாகனத்துக்குத் தலைக்கவசமே கைப்பிடிச் சுவர். 2022இல் மட்டும் நமது தேசத்தில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். ஹெல்மெட் அணிந்தால் விபத்தில் மரண அபாயம் நூற்றுக்கு 42 பங்கும் தலைக்காயத்தின் அபாயம் 69 பங்கும் குறைகிறது என்று பல ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்த 2008ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று சொல்லுகிறது. ஞாயிற்றுக்கிழமை நமது ஆலய வளாகத்தில் நின்று பாருங்கள். கணவன் தலைக்கவசம் போட்டிருப்பார். பின்னால் மனைவிக்கும் முன்னால் நிற்கிற பிள்ளைக்கும் ஒன்றும் இராது.

வீட்டுக்குள்ளும் விளிம்பு உண்டு. பூச்சிமருந்தை மிச்சம்பிடித்துக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கிறோம். தாகமாய் வருகிற பிள்ளைக்குப் பாட்டில்தான் தெரியும், உள்ளே இருப்பது தெரியாது. அந்தப் பாட்டிலை உடைத்துப் போட ஒரு நிமிஷம்கூட ஆகாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். கழிவுநீர்த் தொட்டிக்குள் மனிதரைப் பாதுகாப்பில்லாமல் இறக்கிச் சுத்தம்செய்ய வைப்பதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்திருக்கிறது. ஆனாலும் அப்படி இறங்கினவர்கள் விஷவாயுவினால் மடிந்த செய்திகள் அதற்குப் பின்னும் வந்தன. குழியைத் திறந்துவைத்து மாடு விழவிட்டவன் விலை கொடுக்கவேண்டுமானால், குழியைத் திறந்து மனுஷனையே உள்ளே இறக்குகிறவன் என்ன கொடுப்பான்? நமது பள்ளிகளும் ஆலயங்களும் விடுதிகளும் இதில் சுத்தமான கையோடு இருக்கிறதா என்று விசாரிக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

எங்கள் கிணறு

மற்றவர்களைச் சொல்லுமுன் எங்களைச் சொல்லவேண்டும். மருத்துவமனைச் சமையல்கட்டுக்குப் பின்னால் ஒரு பழைய கிணறு இருக்கிறது. அதன் சுற்றுச்சுவர் ஒரு பக்கம் இடிந்து பல வருஷம் ஆகிறது. நோயாளிகளோடு வருகிற பிள்ளைகள் அந்தப் பக்கம்தான் ஓடி விளையாடுவார்கள். நாங்கள் தினமும் காலை ஆராதனைக்கு அதைக் கடந்துதான் போவோம்.

மகனோடு தங்கியிருந்த மூன்றாம் வாரத்தில் அந்தத் தகப்பன் எங்களிடம் வந்து, "ஐயா, உங்க கிணத்துக்கும் சுவரு இல்லையே" என்றார். குற்றம்சாட்டுகிற குரலில் அவர் சொல்லவில்லை. ஒருமுறை பார்த்துவிட்டவனால் பிறகு பார்க்காமல் இருக்கமுடியாது, அவ்வளவுதான். நிர்வாகம் செங்கலும் சிமெண்டும் வாங்கிக் கொடுத்தது. இரண்டே நாளில் அவர் சுவரை எழுப்பி முடித்தார். கூலி வாங்க மறுத்தார். நாங்கள் வற்புறுத்தியதால் வாங்கிக்கொண்டார். வேலைக்காரன் தன் கூலிக்குப் பாத்திரன் என்பதும் வேதம்தானே.

"கர்த்தர் காப்பார்" என்று சொல்லும்போது

விசுவாசிகளாகிய நமக்கு ஒரு தனிச் சோதனை உண்டு. 91ஆம் சங்கீதத்தை வண்டியின் முன்பக்கம் ஒட்டிவிட்டு, ஹெல்மெட்டை கைப்பிடியில் தொங்கவிட்டுப் போகிற சகோதரரைப் பார்த்திருக்கிறோம். கேட்டால், "கர்த்தர் காப்பார் ஐயா" என்பார்.

அதே 91ஆம் சங்கீதத்தைச் சாத்தானும் எடுத்துப் பேசினான் என்பதை மறக்கவேண்டாம். தேவாலயத்து உப்பரிகையின் விளிம்பில் நம்முடைய ஆண்டவரை நிறுத்தி, தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள், கீழே குதியும் என்றான். ஆண்டவர் குதிக்கவில்லை. தேவனைப் பரீட்சை பார்க்கக்கூடாது என்னும் உபாகமத்து வசனத்தைக்கொண்டே பதில் கொடுத்தார். பிதாவின் பாதுகாப்பை அவரைவிட அதிகமாய் நம்பினவர் உண்டோ? அந்த நம்பிக்கைதான் அவரை விளிம்பிலே குதிக்காமல் நிற்கச் செய்தது.

நெகேமியாவும் நமக்கு மாதிரி. எதிரிகள் சூழ்ந்தபோது அவர் ஜெபித்தார், ஜாமக்காரரையும் நிறுத்தினார் (நெகேமியா 4:9). ஜெபம் காவலுக்குப் பதிலாகவும் இருக்கவில்லை, காவல் ஜெபத்துக்குப் பதிலாகவும் இருக்கவில்லை. கைப்பிடிச் சுவர் கட்டுகிற கை, அவிசுவாசத்தின் கை அல்ல.

விழுந்தபின் என்ன?

இதுவரை சொன்னதெல்லாம் விழாதிருக்கும்படி. ஆனால் அந்தத் தகப்பனுக்கு இந்தப் பாடம் மூன்று வருஷம் தாமதமாக வந்தது. நாங்கள் அவரிடம் போய், எங்கள் வார்த்தைக்காக மன்னிப்புக் கேட்டோம். உபாகமம் 22:8ஐ அவரே வாசிக்கச் சொன்னார். வாசித்தோம். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "அப்போ பழி என்மேலதானா ஐயா?" என்றார்.

அன்பானவர்களே, இந்தக் கேள்விக்கு என்ன சொல்லுவீர்கள்? பழி இல்லை என்று சொன்னால் அது பொய், அவரும் அதை நம்பமாட்டார். ஆம் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனால், அது சுவிசேஷம் அல்ல. வார்டில் வேறு சிலர், அந்தக் குடும்பத்தில் யார் செய்த பாவமோ என்றும் பேசிக்கொண்டார்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப்பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று கேட்டு, இல்லை என்று ஆண்டவரே பதில் சொல்லியிருக்கிறார் (லூக்கா 13:4, 5). அந்த வாய்களை அடைக்க அந்த வசனம் போதும். ஆனால் தகப்பனுடைய கேள்வி வேறு.

"சுவர் உங்களுடையதுதான் தம்பி. இல்லை என்று சொல்லமாட்டோம். ஆனால் அதே புத்தகத்தில் இன்னொரு இடமும் இருக்கிறது" என்று சொல்லி, உபாகமம் 19ஆம் அதிகாரத்தைத் திறந்தோம். இரண்டு பேர் காட்டுக்கு விறகு வெட்டப் போகிறார்கள். கோடரி காம்பை விட்டுக் கழன்று, கூட வந்தவன்மேல் பட்டு அவன் சாகிறான். வெட்டினவனுக்குப் பகையில்லை. ஆனாலும் அவன் கையிலிருந்து போன கோடரிதான் அது. அப்படிப்பட்டவன் ஓடிப்போய்த் தப்பும்படி தேவன் அடைக்கலப்பட்டணங்களை ஏற்படுத்தினார். கேதேஸ், சீகேம், எபிரோன், யோர்தானுக்கு அக்கரையில் பேசேர், ராமோத், கோலான் என்று ஆறு பட்டணங்கள். ஓடுகிறவன் தாமதப்படாதபடி அவற்றுக்குப் போகிற வழியையும் ஆயத்தப்படுத்தச் சொன்னார்.

அவன் எவ்வளவு காலம் அங்கே இருக்கவேண்டும்? பிரதான ஆசாரியன் மரணமடையுமட்டும். அதன்பின் அவன் தன் வீட்டுக்குத் திரும்பலாம் (எண்ணாகமம் 35:28). கோடரிக்காரனும் சுவர் கட்டாதவனும் ஒன்றல்ல என்று நீங்கள் சொல்லக்கூடும். உண்மைதான். சுவர் கட்டாதவனுக்கு அதைவிடப் பெரிய அடைக்கலம் வேண்டும். எபிரெயர் நிருபத்தை எழுதினவர், அடைக்கலமாய் ஓடிவந்தவர்கள் என்றே நம்மை அழைத்து, நம்முடைய பிரதான ஆசாரியர் இயேசுவே என்று காட்டுகிறார் (எபிரெயர் 6:18–20). அந்தப் பிரதான ஆசாரியர் நமக்காக மரித்துவிட்டார்.

"நீங்க வீட்டுக்குப் போகலாம் தம்பி" என்றோம். அவர் வெகுநேரம் அழுதார். அன்று இரவுதான் அவர் முதன்முறையாக மகனுடைய கட்டிலில் உட்கார்ந்து, அவனோடு ஒரே தட்டில் சாப்பிட்டதாக நர்ஸ் சகோதரி எங்களிடம் சொன்னார். அதுவரை வராந்தாவில்தான் சாப்பிடுவாராம்.

பையன் இப்பொழுது சக்கர நாற்காலியில் பள்ளிக்கூடம் போகிறான். கால்கள் திரும்பவில்லை. திரும்பும் என்று நாங்கள் எழுதினால் அது உங்களை ஏமாற்றுவதாகும். வீட்டு வாசலில் தகப்பன் சாய்தளம் போட்டிருக்கிறார். மாடிக்கும் சுவர் எழுந்துவிட்டது.

நாம் செய்யவேண்டியது

தேவனுடைய அன்பு இரண்டு விதமாய் வருகிறது என்று இந்தப் பாடத்தில் கண்டோம். விழுமுன் சுவராக வருகிறது. விழுந்தபின் அடைக்கலப்பட்டணமாக வருகிறது. சுவர் கட்டவேண்டிய இடத்தில் நின்றுகொண்டு தேவ சித்தம் என்று சொல்லக்கூடாது. அடைக்கலம் தேடி வருகிறவனிடம் சுவரை மட்டும் பேசிக்கொண்டிருக்கவும் கூடாது.

அடிபட்டவன் முற்றிலும் சுகமாகும்வரை அவன் வைத்தியச் செலவைக் கொடுக்கவேண்டும் என்றும் யாத்திராகமம் 21:19 சொல்லுகிறது. அடித்தவன் கொடுக்கவேண்டிய அந்தச் செலவை, யாரையும் அடிக்காத நீங்கள் மாதந்தோறும் அனுப்பிவருகிறீர்கள். அந்தப் பையனுடைய நாற்காலியும் அந்த ஆறு வாரக் கட்டிலும் உங்கள் காணிக்கையால் ஆனவை. அதற்காக உங்களுக்கு நன்றி சொல்லுகிறோம். ஆனால் இந்த முறை காணிக்கையோடு இன்னொன்றும் கேட்கிறோம். இந்த வாரத்தில் ஒருநாள் உங்கள் வீட்டு மாடிக்கு ஏறிப் பாருங்கள். ஒரு நோயாளியாவது எங்களிடம் வராமல் போகட்டும்.

எங்கள் ஊழியத்திலும் ஒரு தீர்மானம் எடுத்திருக்கிறோம். வீட்டுப் பிரதிஷ்டைக்கு அழைக்கப்பட்டால், ஜெபிக்குமுன் மாடிப்படி ஏறிவிட்டு வருவோம். சுவர் இல்லையென்றால், வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு, அதற்கு ஒரு தேதி குறித்தபின்பே ஆமென் சொல்லுவோம். மற்றப் போதகர்களும் இதை யோசிக்கும்படி தாழ்மையாய்க் கேட்டுக்கொள்ளுகிறோம்.

சங்கக் கூட்டங்களில் கலந்து பேச

1. உங்கள் வீட்டிலும் வயலிலும் தொழிலிலும், ஒருவர் விழக்கூடும் என்று உங்களுக்குத் தெரிந்தும் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிற விளிம்பு எது?

2. நமது ஆலயம், பள்ளி, கல்லறைத் தோட்டம், கிணறு, மின் இணைப்பு இவற்றைச் சபையார் எப்பொழுதாவது சுற்றிப் பார்த்ததுண்டா? யார் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ளலாம்?

3. துக்கத்திலிருக்கிறவர்களிடம் தேவ சித்தம் என்று நாம் சொன்னதுண்டா? அப்பொழுது அவர்கள் முகம் எப்படியிருந்தது?

4. தன் கவனக்குறைவால் ஒரு உயிருக்குத் தீங்கு வந்துவிட்டதே என்று உள்ளுக்குள் வேகிற ஒருவர் நமது சபையில் இருந்தால், அவருக்கு அடைக்கலப்பட்டணமாக இருப்பது எப்படி?

ஜெபக் குறிப்பு

முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டுப் படுக்கையிலிருக்கிற பிள்ளைகளுக்காகவும் வாலிபருக்காகவும், அவர்களைக் குற்றவுணர்வோடு பார்த்துக்கொண்டிருக்கிற பெற்றோருக்காகவும், அவர்களைத் தூக்கி உட்காரவைத்துப் பயிற்சி கொடுக்கிற பிசியோதெரபி ஊழியருக்காகவும் ஜெபியுங்கள். எங்களுக்காகவும் ஜெபியுங்கள், அவசரமாய் வாய் திறவாதபடிக்கு.

கர்த்தர் உங்கள் வீட்டையும், அதற்குள் வருகிறவர்களையும், அதன்மேல் ஏறுகிறவர்களையும் காப்பாராக. ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைக் குருவானவரும் ஆத்துமநல ஊழியர்களும்